கடைசி இரண்டு பாரா

2012 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். அப்போது நான் ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் உதவி ஆசிரியர். மாவட்டப் பக்கம் என் பொறுப்பு. ரிசல்ட் நாள் என்றால் எங்கள் டெஸ்க் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மாநில ரேங்க், மாவட்ட ரேங்க், பள்ளி ரேங்க் என்று போட்டோக்கள் வந்து குவியும். எத்தனை வந்தாலும் எல்லாம் ஒரே போட்டோதான். நடுவில் பிள்ளை, ஒரு பக்கம் அம்மா லட்டு ஊட்டுவார், மறுபக்கம் அப்பா கேமராவைப் பார்ப்பதா பிள்ளையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நிற்பார், பின்னால் பள்ளித் தாளாளர். பக்கத்தின் மேல்பாதி லட்டுக்குத்தான்.

இரவு ஒன்பதரைக்குப் பகுதிநேர நிருபர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு பாடத்தில் தோல்வி, மாணவி தற்கொலை. கூடவே ஹால் டிக்கெட் அளவில் ஒரு போட்டோ. ஏழு பாரா எழுதியிருந்தார். கிராமத்து நிருபர்கள் எதையும் விடமாட்டார்கள். அந்தப் பெண் சில மாதங்களாகவே சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தோழிகளிடம்கூடப் பேச்சைக் குறைத்துவிட்டாள், வீட்டில் வேறொரு பெரிய பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது என்று அக்கம்பக்கத்தார் சொன்னதெல்லாம் கடைசி இரண்டு பாராவில் இருந்தது.

எனக்கு இருந்தது ஐந்து பாராவுக்கான இடம். பத்திரிகையில் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானது மேலே, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது கீழே என்று ஒரு கணக்கு. வெட்டினேன். ‘தேர்வில் தோல்வி: மாணவி தற்கொலை’ என்று தலைப்பு வைத்தேன். டபுள் காலம், அதாவது இரண்டு பத்தி அகலம், கீழே இடது மூலை, போட்டோவோடு. எந்த விதத்தில் இறந்தாள் என்பது இரண்டாவது வரியிலேயே இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. செய்தி ஆசிரியர் பக்கத்தைப் பார்த்துவிட்டு “கச்சிதம்” என்றார். பதினோரு மணிக்குப் பக்கம் பிளேட்டுக்குப் போனது, நான் தோசை சாப்பிடப் போனேன்.

நான்கு நாள் கழித்து அதே நிருபர் போனில் வந்தார்.

“சார், நம்ம ஏரியாலயே இன்னொண்ணு. பையன். ஆனா பொழச்சுக்கிட்டான்.”

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “தப்பா நினைக்காதீங்க சார். அவன் கணக்கு நோட்டுக்குள்ள நம்ம பேப்பர் இருந்துச்சாம். அந்தப் பொண்ணு செய்தி. கத்தரிச்சு வெச்சிருந்திருக்கான்.”

செய்தி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். “பொழச்சுட்டான்ல? அப்புறம் என்னய்யா செய்தி?” என்றார். அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. இருபத்தைந்து வருடம் அப்படித்தான் பழகியிருந்தார். நானும் அப்படித்தான். செத்தால் டபுள் காலம், பிழைத்தால் ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து, நிருபரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். பத்திரிகைக்காரன் என்றதும் வீட்டில் பயந்தார்கள். ஆஸ்பத்திரியில் ‘தீராத வயிற்று வலி’ என்று சொல்லியிருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்கு அந்த வயிற்று வலி நன்றாகத் தெரிந்திருக்கும்; நம் ஊரில் பாதிச் சாவுக்கு அதுதான் காரணமாக அச்சாகும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அப்போது 309-வது பிரிவு இருந்தது, முயன்று பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் போடலாம். 2017-ல் வந்த மனநலச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. ஆனால் கேஸ் ஆகுமோ என்ற பயம் இன்னும் பல வீடுகளில் போகவில்லை.

பையன் டீக்கடை வரை வந்தான். எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். அவனாகவே சொன்னான்.

“அந்த அக்கா போட்டோல சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க சார். ஊரே அவங்களப் பத்திதான் பேசுச்சு. ஃபெயிலானதுக்கு யாரும் திட்டல. எல்லாரும் நல்ல புள்ள, நல்ல புள்ளன்னாங்க.”

டீ ஆறிப்போனது எனக்குத்தான். அவன் குடித்துவிட்டான்.

‘நான் செத்தாத்தான் என் அருமை உங்களுக்குத் தெரியும்’ என்று சொல்லாத பிள்ளை நம் வீடுகளில் உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன், பன்னிரண்டு வயதில், சைக்கிள் வாங்கித் தராத அப்பாவிடம். அப்படிச் சொல்கிற பிள்ளை மனதில் ஒரு காட்சி ஓடுகிறது. எல்லோரும் அழுகிறார்கள், அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார், திட்டிய வாத்தியார் மாலையோடு வருகிறார். இதையெல்லாம் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று அந்தப் பிள்ளையும் பார்க்கிறது. பார்க்க அது இருக்காது என்பது மட்டும் அந்தக் காட்சியில் இல்லை. நாங்கள் போட்ட செய்தி அந்தக் கற்பனைக்கு அச்சில் ஒரு சாட்சி. சிரித்த போட்டோ, திரண்ட ஊர், கதறிய தாய். சினிமா இதையே இரண்டரை மணி நேரத்துக்கு, பாட்டோடு காட்டுகிறது. தலைவர்கள் இறந்தபோது தொண்டர்கள் உயிரை விட்டதை நாங்கள் எண்ணிக்கை போட்டுப் பட்டியலாகவே வெளியிட்டிருக்கிறோம். அதைப் பாசம் என்று தலைப்பிட்டது யார்? எங்களைப் போன்ற உதவி ஆசிரியர்கள்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் செய்தியால்தான் அந்தப் பையன் அப்படிச் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்ச காலம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதிலும் ஒரு பெருமை இருக்கிறது. ஆனால் ‘பேப்பரில் செய்தி: மாணவன் தற்கொலை முயற்சி’ என்பதும் நான் வைத்த பழைய தலைப்பு மாதிரியேதான். ஒரு காரணம், ஒரு சாவு, நடுவில் ஒரு முக்காற்புள்ளி. அந்தப் பையனுக்கு ஃபெயிலானது இருந்தது, கடன் இருந்தது, குடிக்கிற அப்பா இருந்தார், தூக்கமில்லாத மூன்று மாதம் இருந்தது. எங்கள் பேப்பரும் இருந்தது.

2019-ல் சென்னையில் பத்திரிகையாளர்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போனேன். வியன்னா கதையை அங்கேதான் கேட்டேன். ஆஸ்திரியத் தலைநகரில் மெட்ரோ ரயில் 1978-ல் வந்தது. எண்பதுகளின் நடுவில் அதில் நடந்த தற்கொலைகளை அங்குள்ள பத்திரிகைகள் படத்தோடு, பரபரப்பாக எழுதின. சம்பவங்களும் கூடிக்கொண்டே போயின. 1987-ல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, இப்படி எழுதாதீர்கள் என்று பத்திரிகைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் கேட்டன. அந்த வருடத்தின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் மெட்ரோ சம்பவங்கள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. தலைப்பு மாறினால் உயிர் மிஞ்சும் என்பதை டெஸ்க்கில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. அதே வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்டது. சாக வேண்டும் என்று நினைத்து, அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருப்பதைப் பார்த்தார்கள். அதற்குப் ‘பாப்பகேனோ விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். பாப்பகேனோ, மோசார்ட்டின் ஓர் இசை நாடகத்தில் வருகிற பறவை பிடிப்பவன். காதலியை இழந்து சாகப் போகும்போது மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழி காட்டுவார்கள். பயிற்சியில் இதைச் சொன்னபோது எனக்கு டீக்கடைப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். பிழைத்தவன் செய்தி இல்லை என்று விட்டோமே, அதுதான் செய்தி.

அந்த வருடம் செப்டம்பரில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையை ஒட்டி நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. முதல் பக்கத்தில் பெரிதாகப் போடாதே, திரும்பத் திரும்பப் போடாதே, எப்படி, எங்கே என்று விவரிக்காதே, தலைப்பில் பரபரப்பு வேண்டாம், படமும் வீடியோவும் வேண்டாம். இவற்றில் என்னைக் கேட்டால் முதலில் கழிக்க வேண்டியது தலைப்பில் வைக்கும் ஒற்றைக் காரணத்தைத்தான். விதத்தை எழுதக் கூடாது என்று இப்போது பலருக்கும் தெரிந்துவிட்டது. ‘செல்போன் தராததால்’, ‘அம்மா திட்டியதால்’, ‘நீட் பயத்தால்’ என்பது மட்டும் அப்படியே தொடர்கிறது. அதே நிலைமையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் படித்தால், நமக்கும் இதுதானே நடந்தது என்று எடுத்துக்கொள்ளும். நீட் வேண்டுமா வேண்டாமா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், போட வேண்டும். அதற்கு ஒரு பிள்ளையின் சிரித்த முகத்தைக் கொடி மாதிரிப் பிடிக்காமல் போட முடியாதா என்பதுதான் என் கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு காரணமா இருந்திருக்கும்?

2017 மே மாதம் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியபோது டெஸ்க்கில் பலருக்கு வருத்தம், லட்டு போட்டோ போயிற்றே என்று. எனக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளிகள் விடவில்லை, தங்கள் முதல் மூன்று பேரை ஃபிளெக்ஸில் ஏற்றிவிட்டன. அது வேறு கதை.

இதெல்லாம் தெரிந்தவன்தானே, வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். 2023-ல் அக்கா மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவள் டியூஷன் போகும் இடத்தில் வேறு பள்ளிப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். இப்போது பேப்பர் வருவதற்குள் வாட்ஸ்அப் முந்திக்கொள்கிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணின் படத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது. நட்சத்திரம் கொட்டுகிறது, மெழுகுவத்தி எரிகிறது, பின்னால் மெதுவாக ஓடவிட்ட ஒரு சினிமா பாட்டு. பிள்ளைகள் அதை ‘எடிட்’ என்கிறார்கள். ஒருமுறைகூடப் பேசியிராதவர்கள் ‘மிஸ் யூ அக்கா’ என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள். எங்கள் பாப்பாவும் வைத்தாள். ‘இனிமே உனக்கு வலிக்காது’ என்று.

நான் பார்த்தேன். போய் போனைப் பிடுங்கினேன். அரை மணி நேரம் லெக்சர் கொடுத்தேன். வியன்னாவைக்கூட இழுத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். “உன்ன யாருடா கூப்பிட்டது?” என்று அக்கா என்னைத் திட்டினாள். நியாயம்தான்.

இரண்டு நாள் கழித்து பரோட்டா பார்சலோடு போனேன். மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். போனைத் திருப்பிக் கொடுத்து, “நீ வழக்கமா பாக்கறதையே பாரு, நானும் பாக்குறேன்” என்றேன். இருபது நிமிடம் ரீல்ஸ். ஒரு சமையல், ஒரு கிரிக்கெட், அப்புறம் மழையில் தனியாக நடக்கும் பெண், ‘யாருக்கும் நான் தேவையில்லை’ என்று ஒரு வரி, மறுபடி மழை, மறுபடி மெழுகுவத்தி. அவள் எதையும் தேடவில்லை, அதுவாக வருகிறது. எதில் எத்தனை நொடி நிற்கிறோம் என்று அந்தச் செயலி பார்க்கிறது. நாம் கலங்கி நின்ற நேரமும் ரசித்து நின்ற நேரமும் அதற்கு ஒன்றுதான். லண்டனில் 14 வயதில் இறந்த ஒரு சிறுமியின் மரண விசாரணையில், அவளுக்கு வந்து குவிந்த இணையப் பதிவுகளும் அவள் சாவுக்கு ஒரு பங்கு காரணம் என்று 2022 செப்டம்பரில் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். ஒரு பங்கு என்றார். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது.

“இதெல்லாம் பாக்கறப்ப உனக்கு என்ன தோணும் பாப்பா?”

“ஒண்ணும் தோணாது மாமா.”

கொஞ்சம் விட்டு நேராகவே கேட்டேன். “சாகணும்னு எப்பவாச்சும் நினைச்சிருக்கியா?” கேட்கும்போது என் கை நடுங்கியது உண்மை. கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அப்படி விதைப்பதில்லை, ஒளிந்திருப்பதை வெளியே சொல்ல ஒரு வாசல் திறக்கிறது என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அவள் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். “செத்துப் போகணும்னு இல்ல மாமா. கொஞ்ச நாள் இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு தோணும்.”

உனக்கு என்னடி குறை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினேன். அதற்கப்புறம் அவள் ஒரு மணி நேரம் பேசினாள். தோழிகள் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டது, கெமிஸ்ட்ரி, ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராதது. எதற்கும் நான் தீர்வு சொல்லவில்லை. “வேற?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், இதை அம்மாவிடமும் சொல்ல வேண்டும், சேர்ந்தே சொல்வோம் என்றேன். ரகசியம் காப்பதாக மட்டும் சத்தியம் செய்யவில்லை. இந்த விஷயத்தில் அது கூடாது.

அன்றைக்கே 14416-க்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். அது அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் என்று பெயர், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. அடுத்த வாரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். ‘பைத்தியமா நான்?’ என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து தடவை போன பிறகு தூக்கம் சரியானது, மற்றதெல்லாம் மெதுவாக. வீட்டில் ஆபத்தானதெல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொன்னார் டாக்டர். மாத்திரை டப்பாவிலிருந்து எல்லாம். இது சின்ன வேலை மாதிரித் தெரியும். அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்றார்.

ரீல்ஸை நிறுத்தவில்லை. மழை வந்தால் ‘நாட் இன்ட்ரஸ்டட்’ அழுத்துவது என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். பத்து நாளில் அவள் போன் முழுக்கப் பூனையும் பிரியாணியும்.

அந்த டியூஷன் சென்டரில் இறந்த பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைக்க ஏற்பாடு நடந்தது. நடத்துகிற சாரிடம் போய், வேண்டாம் என்று கெஞ்சினேன். துக்கமே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக உட்கார வைத்து அழவிடுங்கள், பேசவிடுங்கள், அவளுக்கு ரொம்ப நெருக்கமான நாலைந்து பேர் யார் என்று கவனியுங்கள், வாசலில் பத்தடி உயரத்துக்கு அவள் முகம் மட்டும் வேண்டாம் என்றேன். “மரியாதை செய்யலன்னு பேசுவாங்களே சார்” என்றார். கடைசியில் சின்னதாக ஒன்று வைத்தார்கள், மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் முடிந்தது.

டீக்கடைப் பையன் அந்த வருடமே துணைத் தேர்வு எழுதிப் பாஸானான். இப்போது செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகிவிட்டது. அடையாளம் தெரியாதபடி எழுதிக்கொள்ளுங்கள் சார் என்று அவன் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். எது உன்னை நிறுத்தி வைத்தது என்று ஒருமுறை கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்வான் என்று எதிர்பார்த்தேன். “பெரியம்மா வந்து கூடவே படுத்துக்கிச்சு சார், ஒரு மாசம்” என்றான்.

நான் வேலையை விட்டுவிட்டேன். என் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பையன். போன வருடம் ரிசல்ட் அன்று இரவு பத்தரைக்குக் கூப்பிட்டான்.

“அண்ணே, ஒரு கேஸ் வந்திருக்கு. பையன். போட்டோவும் வந்திருக்கு.”

“போட்டோ வேண்டாம்.”

“மத்த பேப்பர்ல போடுவானுங்களே.”

“போடட்டும். எப்படிச் செத்தான்னு எழுதாதே. ஃபெயிலானதாலன்னு தலைப்புல வைக்காதே. ‘மாணவர் மரணம்: போலீசார் விசாரணை’ன்னு வை, சிங்கிள் காலம் போதும். துணைத் தேர்வுக்கு எப்போ விண்ணப்பிக்கணும்னு பக்கத்துலயே ஒரு பாக்ஸ் போடு, ஹெல்ப்லைன் நம்பரோட. நிருபர் எத்தனை பாரா கொடுத்திருக்காரு?”

“ஏழுண்ணே. கடைசி ரெண்டுல ஏதோ டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருந்தான், நடுவுல நிறுத்திட்டாங்கன்னு இருக்கு. இடம் இல்லண்ணே, அதை வெட்டிடலாம்னு பாக்குறேன்.”

“டாக்டர் விஷயத்தை அப்படியே போடாதே, அந்தக் குடும்பம் தாங்காது. ரொம்ப நாளா மன அழுத்தத்துல இருந்தான்னு மட்டும் ஒரு வரி எழுது. ஆனா வெட்டாதே.”

சரி என்று வைத்துவிட்டான். பதினொன்றேகாலுக்கு மறுபடி போன்.

“முடிச்சுட்டேண்ணே. இடம் பத்தல. மேல லட்டு போட்டோவைக் கொஞ்சம் குறைச்சுட்டேன்.”